ஜக்கும் டீபாட்டும் ஒழுகாமல் ஊற்றவும் வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும்: என்ன செய்யலாம்?

கோத்தகிரியில் சக்கரமும் சின்ன எலக்ட்ரிக் சூளையும் வைத்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல இறுகச் சுடும் மண்பாண்டம்) செய்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹோம்ஸ்டேக்களுக்கு ஜக், டீபாட் செய்து கொடுக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஊற்றினால் பாதி மேஜைவிரிப்பில் போகிறது. டீபாட்டில் மூடி வழியாக வழிகிறது, தூக்கினால் கை வலிக்கிறது. உருவத்தைக் கெடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா? எங்கள் மலை மண்ணையும் கொஞ்சம் சேர்க்க ஆசை."

தாராளமாக முடியும். நான் குன்னூர்ப் பக்கம் இதே வேலையில் இருப்பவன். ஊற்றும் பாத்திரம் என்றால் எனக்குத் தனிப் பிரியம். கோப்பையும் தட்டும் வைத்த இடத்தில் இருக்கும். ஜக்கை ஒருவர் தூக்கி, சாய்த்து, இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அந்த அசைவில்தான் அதன் அழகு வெளியே தெரியும். அதனால் வனைய உட்காரும்போது முதலில் வயிற்றின் வளைவை யோசிக்காதீர்கள். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வழியாக மேலே வரும், எந்த இடத்தில் மண்ணை விட்டுப் பிரியும் என்று யோசியுங்கள். உருவத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஜக். உங்களிடம் உள்ளதிலேயே மோசமாக ஒழுகும் ஜக்கில் தண்ணீர் நிரப்பி, சிங்க் மேலே பிடித்து, ரொம்ப மெதுவாகச் சாயுங்கள். கண் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விளிம்பைத் தாண்டிய தண்ணீர் நேராகக் கீழே விழாது. விளிம்பின் அடிப்பக்கமாக மடங்கி, அங்கே ஒரு துளியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். துளி கொஞ்சம் பெருத்ததும் பின்னால் வருகிற தண்ணீரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கழுத்து வழியாக வயிற்றில் ஓடும். இப்போது அதே ஜக்கைச் சட்டென்று சாயுங்கள். தண்ணீர் வளைந்து எட்டிப் போய் விழும், அடியில் ஒரு சொட்டும் இருக்காது. டீக்கடை மாஸ்டர் கையை உயர்த்தி வேகமாக ஆற்றும்போது சிந்தாததும், அதே டம்ளரிலிருந்து வீட்டில் நாம் மெதுவாக ஊற்றும்போது வெளியே வழிவதும் இதனால்தான்.

விஞ்ஞானிகள் இதற்கு 'டீபாட் விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1956-ல் மார்கஸ் ரைனர் இதைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே ஜோசப் கெல்லர் காரணம் சொன்னார்: விளிம்பைச் சுற்றி வளையும் இடத்தில் திரவத்தின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது, காற்றே திரவத்தை மண்ணோடு சேர்த்து அமுக்குகிறது. இந்த மூக்குக் கணக்குக்காக கெல்லருக்கும் ழான்-மார்க் வாந்தென்-புரூக்குக்கும் 1999-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 2010-ல் பிரான்சில் லியோன் நகர ஆய்வாளர்கள், விளிம்பில் தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசினால் ஒழுகலே நின்றுபோவதைக் காட்டினார்கள். 2021-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற ஆய்வு, நீங்கள் சிங்க் மேலே பார்த்த அந்தத் துளிக்கே கணக்குப் போட்டது. விளிம்பின் அடியில் எப்போதும் ஒரு சின்ன ஈரம் இருக்கும், வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த ஈரம் முழு ஓட்டத்தையும் தன் பக்கம் திருப்பிவிடும்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது மூன்றே விஷயம். தண்ணீர் பிரியும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் சட்டென்று உள்வாங்க வேண்டும். விளிம்புக்கு வரும்போது தண்ணீருக்கு வேகம் இருக்க வேண்டும்.

வேகத்தைத் தருவது தொண்டை. பெரும்பாலானவர்கள் ஜக்கின் வாயை மட்டும் ஒரு விரலால் வெளியே தள்ளிவிட்டு மூக்கு என்கிறார்கள். வாயகலம் முழுவதும் பரவி மெல்லிய படலமாக வரும் தண்ணீருக்கு வேகம் ஏது? அது ஒட்டத்தான் செய்யும். வாய்க்குக் கீழே கழுத்திலிருந்தே ஒரு வாய்க்கால் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சிலர் சங்கு என்பார்கள். சின்னக் கிண்ணம்தான். ஆனால் அதன் ஒரு பக்கம் நீண்டு, குறுகி, ஒடுங்கிய வாய்க்காலாகப் போய் மெல்லிய நுனியில் முடியும். கைக்குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும், கன்னத்தில் வழியக் கூடாது. ரொம்ப மெதுவாக ஊற்றியும் ஒழுகாத பாத்திரம் அது. வெள்ளியிலோ பித்தளையிலோ தகடாக இருப்பதால் நுனி அவ்வளவு மெல்லியதாக வருகிறது. மண்ணில் அவ்வளவு முடியாது, ஆனால் அந்த வடிவத்தை மனதில் வையுங்கள்.

வனையும்போது செய்ய வேண்டியது இது. ஜக்கை வனைந்து முடித்ததும், சக்கரத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போதே மூக்கை இழுக்க வேண்டும். மூக்கு வரப்போகும் இடத்தில் விளிம்பை மட்டும் விரல்களுக்கு நடுவே பிடித்து மேலே நீவி, பக்கத்து விளிம்பைவிடக் கொஞ்சம் உயரமாகவும் மெல்லியதாகவும் ஆக்குங்கள். இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெளியே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் முட்டுக்கொடுத்து, கழுத்திலிருந்து மேலே லேசாக நெருக்குங்கள், தொண்டை அமையும். பிறகு வலது ஆள்காட்டி விரலை நன்றாக நனைத்து, உள்ளிருந்து வெளியே, இடமும் வலமுமாக அசைத்தபடி நீவுங்கள். மண் விரலுக்குக் கீழே மெலிந்து முன்னால் வருவது தெரியும். கடைசியாக நுனியை மட்டும் ஒரு தடவை கீழ்நோக்கி மடக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் நுனி தளர்ந்து தொங்கிப்போகும்.

அப்புறம் வருவதுதான் பலர் விட்டுவிடும் வேலை. மறுநாள், விரலால் அழுத்தினால் குழி விழாமல், கத்தியால் சீவினால் சுருளாக வரும் பதத்தில், ஜக்கைத் தலைகீழாகப் பிடித்து மூக்கின் அடிப்பக்கத்தைச் சீவுங்கள். நுனியின் வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கிச் சரிவாக எடுக்க வேண்டும். நுனி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் நிற்கட்டும். நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. எல்லா விளிம்பையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து உருட்டிவிடுவோம். உதடு வைத்துக் குடிக்கும் விளிம்புக்கு அது சரி, ஊற்றும் விளிம்புக்கு அது விஷம். தண்ணீர் வந்து ஏறும் உள்பக்கம் உருண்டிருக்கலாம், பிரிந்து விழும் வெளிக்கீழ்க்கோடு கூராகவே இருக்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகு கிளேஸில் (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சில்) முக்கி எடுத்தால் அதே கோட்டில் கிளேஸ் திரண்டு மறுபடியும் உருண்டையாகிவிடும். அதனால் முக்கியதும் மூக்கின் அடிப்பக்கத்தில் மட்டும் ஸ்பாஞ்சால் பாதிக்கு மேல் துடைத்துவிடுங்கள். உங்கள் ஜக்குகளில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். ஊற்றி நிறுத்தியதும் நுனியில் மிஞ்சும் கடைசித் துளி எங்கே போகிறது? நுனிக்கு உள்பக்கம் வாய்க்கால் உள்நோக்கிச் சரிந்திருந்தால் துளி திரும்ப உள்ளே போய்விடும். நுனி ரொம்ப தூரம் மடங்கித் தொங்கினால் அது வெளியேதான் சொட்டும். மடக்குவது நுனியின் கடைசிக் கோட்டில் மட்டும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

டீபாட்டுக்கு வருவோம். அதில் விளிம்பின் கணக்கு அதேதான், கூடவே காற்றின் கணக்கும் மட்டத்தின் கணக்கும் சேர்கின்றன.

மூடி வழியாக வழிகிறது என்றீர்கள். பெரும்பாலும் மூக்குக்குள் போகும் வழி போதாமல் இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மூக்கு நுனியின் மட்டம். நுனி, மூடி உட்காரும் வாயின் மட்டத்துக்குக் குறையவே கூடாது. குறைந்தால் பாத்திரம் நிரம்பும் முன்பே மூக்கு வழியாகக் கொட்டத் தொடங்கும். சூளையில் மூக்கு கொஞ்சம் அமுங்கும், எனவே சுடாமல் பச்சையாக இருக்கும்போது அரை சென்டிமீட்டர் கூடுதலாகவே வையுங்கள். சீனாவின் யிஷிங் டீபாட் செய்பவர்கள் மூக்கு நுனி, வாய், கைப்பிடியின் உச்சி மூன்றும் ஒரே மட்டமா என்று, மூடியை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துப் பார்ப்பார்கள். எல்லா டீபாட்டுக்கும் அது பொருந்த வேண்டியதில்லை, ஆனால் நீங்களும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது தெரிந்துவிடும்.

மூக்கு ஒட்டும் இடத்தில் போடும் வடிகட்டித் துளைகளைப் பலர் கணக்குப் பார்க்காமல் ஆறேழு போட்டு விட்டுவிடுகிறார்கள். மூக்கின் மிகக் குறுகிய இடம் 10 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம், அதன் பரப்பு 78 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பச்சையில் 4 மில்லிமீட்டராகப் போட்ட துளை, மண் சுருங்கி, உள்ளே கிளேஸும் படிந்தபின் 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், பரப்பு 7 சதுர மில்லிமீட்டர். ஏழு துளை போட்டால் 49. மூக்கு கேட்கும் தண்ணீரை அது தராது. பன்னிரண்டு துளை போட்டால்தான் கணக்கு சமமாகும். இலை அடைத்துக்கொள்வதையும் சேர்த்தால் பதினெட்டு இருபது போடுவது நல்லது. உள்பக்கத்துப் பிசிறுகளை ஈரத்தில் தொடாமல், நன்றாகக் காய்ந்தபின் தட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு கேள்வியை நீங்களே உங்கள் ஹோம்ஸ்டேக்காரர்களிடம் கேட்டுவிட வேண்டும்: எந்தத் தேயிலை? நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை டீயை இந்தத் துளைகள் நன்றாகவே பிடிக்கும். சிடிசி என்கிற குருணைத் தூள் இந்தத் துளையில் நிற்காது, கோப்பைக்கே வந்துவிடும். பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டும் வீட்டுக்கு டீபாட்டே தேவையில்லை, தொண்டை நன்றாக அமைந்த ஒரு ஜக் போதும். தேவையில்லாத இடத்தில் டீபாட்டை விற்பதில் நமக்கும் நல்ல பெயர் வராது.

மூடியில் காற்றுத்துளை அவசியம். அது இல்லாவிட்டால், மூடி நன்றாகப் பொருந்தப் பொருந்த ஊற்றுவது மோசமாகும். உள்ளே காற்று போக வழியில்லாமல் குடுக் குடுக்கென்று விட்டுவிட்டு வரும். பச்சையில் 4 மில்லிமீட்டர், கிளேஸ் அடித்ததும் குச்சியால் குத்தி அடைப்பை எடுத்துவிடுங்கள். மூடியின் அடிவளையம் கொஞ்சம் ஆழமாக இருந்தால் கடைசிக் கோப்பைக்குப் பாத்திரத்தைச் சாய்க்கும்போது மூடி விழாது. மூடியைப் பாத்திரத்தின் மேலேயே வைத்துச் சுடுங்கள், இரண்டும் சேர்ந்தே சுருங்கிச் சேர்ந்தே வளையும். உட்காரும் இடத்தில் கிளேஸ் இருக்கக் கூடாது.

சக்கரத்தில் வனைந்த மூக்குக்கு இன்னொரு குணம் உண்டு. வனையும்போது மண்ணில் ஏறிய முறுக்கு, சூளையில் மறுபடியும் வேலை செய்யும். நேராக ஒட்டிய மூக்கின் நுனி, சுட்டு எடுத்தபின் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது உங்கள் மண்ணையும், சக்கரம் சுற்றும் திசையையும், கையையும் பொறுத்தது. அடுத்த சூளையில் ஒரு தனி மூக்கை வனைந்து, ஒரு தட்டையான வில்லையில் ஒட்டி, நுனியின் உச்சியில் ஒரு கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். கோடு எவ்வளவு நகர்ந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம் அவ்வளவு தள்ளி இனிமேல் நுனியை வெட்டுங்கள். தகடாகத் தட்டிச் சுருட்டிச் செய்த மூக்குக்கு இந்த முறுக்கு இல்லை. நீளமும் ஒல்லியுமான மூக்கு வேண்டுமென்றால் தகடுதான் நிம்மதி.

மூக்கின் உள்வழி அடியில் அகலமாகத் தொடங்கி நுனிவரை சீராகக் குறுக வேண்டும். நடுவில் வீங்கியிருந்தால் அங்கே தண்ணீர் சுழன்று, நுனியில் முறுக்கிய கயிறாக வெளியே வரும். நல்ல மூக்கிலிருந்து வரும் நீர்க்கம்பி ஒரு சாண் தூரத்துக்காவது உடையாமல், பளபளவென்று ஒற்றைத் தண்டாக நிற்கும். அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கை வலிக்கிறது என்றதற்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதை நாம் குறைக்க முடியாது. முக்கால் கிலோ பாத்திரத்தோடு சேர்த்தால் ஒன்றேமுக்கால் கிலோ. இந்த எடை கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் வலியைத் தீர்மானிக்கிறது. பெரிய வட்டமாக வெளியே வளைத்த கைப்பிடி அழகாகத் தெரியும், ஆனால் வயிற்றிலிருந்து தள்ளிப்போன ஒவ்வொரு விரற்கடையும் மணிக்கட்டில் ஏறும் பாரம். விரல்முட்டி சூடான வயிற்றில் படாத அளவுக்கு, சுட்டபின் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி போதும். கைப்பிடியின் மேல்முனை வாய்க்குப் பக்கத்தில் ஏறியிருக்கட்டும், கீழ்முனை வயிற்றின் மிக அகலமான இடத்துக்குக் கீழே இறங்கட்டும். குறுக்குவெட்டு முட்டை வடிவில், விரலுக்குள் பதிகிற மாதிரி. வட்டக் கம்பியாக இருந்தால் சாய்க்கும்போது கையில் சுழலும். மேலிருந்து பார்க்கும்போது மூக்கும் கைப்பிடியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொஞ்சம் விலகினாலும் ஊற்றுபவர் தன்னையறியாமல் முழங்கையைத் திருப்புவார்.

மேலே வளைத்த பிரம்புக் கைப்பிடி எடையைக் கைக்கு நேர் கீழே கொண்டுவருகிறது, தூக்கச் சுகம். ஆனால் கடைசிக் கோப்பை ஊற்ற முழங்கையைத் தோள்வரை தூக்க வேண்டும், வயதானவர்களுக்குச் சிரமம். ஜப்பானியக் கியூசுவைப் போல மூக்குக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் ஒற்றைக் கைப்பிடி வைத்தால் சின்ன டீபாட்டுக்கு அருமை, ஆனால் இடதுகைக்காரருக்கு உதவாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டோன்வேர் மண் மொத்தமாக 10 முதல் 13 சதவீதம் சுருங்கும். 12 என்று வைத்தால், நீளம் 0.88 மடங்காகும், கொள்ளளவோ 0.68 மடங்காகிவிடும். 600 மில்லி கொள்ளும் டீபாட் வேண்டுமென்றால் பச்சையில் 880 மில்லி கொள்ள வேண்டும். நான்கு கோப்பைக்குக் கேட்ட ஹோம்ஸ்டேக்கு மூன்று கோப்பைப் பாத்திரம் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கென்று சில விஷயங்கள் உண்டு.

குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 93-க்குப் பக்கம். கோத்தகிரியும் ஏறக்குறைய குன்னூர் உயரம்தான். இலை டீக்கு வேண்டிய சூடு தொடங்கும்போதே ஆறு டிகிரி குறைவு. அந்தத் தண்ணீரைப் பனிக்காலக் காலையில் ஜில்லென்றிருக்கும் டீபாட்டில் ஊற்றினால் சூடு இன்னும் இறங்கிவிடும். அதனால் மலை டீபாட் உருண்டையாக இருப்பது நல்லது. அதே கொள்ளளவுக்கு வெளிப்பரப்பு குறைவு, சூடு நிற்கும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் முதலில் விரிந்து கீறல் விடும். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் இலை போடச் சொல்லி, விற்கும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். டீக்கும் நல்லது, பாத்திரத்துக்கும் நல்லது.

இதே கொதிநிலை சூளையிலும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் எந்தப் பாத்திரமும் முழுசாகக் காயாது, தொட்டால் சில்லென்றே இருக்கும். மண்ணுக்குள் தங்கிய ஈரம் 94 டிகிரியிலேயே ஆவியாகித் தெறிக்கும். சமவெளிக்காரர்கள் எழுதிவைத்த அட்டவணையை அப்படியே வைக்காமல், 80, 85 டிகிரியில் சூளையை ராத்திரி முழுவதும் நிறுத்தி, மேல்துளையைத் திறந்து வைத்து ஈரத்தை வெளியேற்றுங்கள். கைப்பிடி ஒட்டிய இடத்திலும் மூக்கு ஒட்டிய இடத்திலும் மண் இரட்டைத் தடிமன், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். மற்றபடி மெதுவாகக் காயும் இந்த மலைக்காற்று ஒட்டுவேலைக்கு வரம். சமவெளியில் கைப்பிடி முதலில் காய்ந்து இழுத்துக்கொள்ளும், நமக்கு அந்த அவசரம் கிடையாது. மார்கழி, தையில் உறைபனி விழும் பள்ளத்தில் பட்டறை இருந்தால் மட்டும் பச்சைப் பாத்திரங்களை ராத்திரி வெளித் திண்ணையில் விடாதீர்கள். மண்ணுக்குள் ஈரம் பனிக்கட்டியானால் ஒட்டிய இடமெல்லாம் விட்டுவிடும்.

பின்னாளில் கேஸ் சூளை வாங்கினால், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. பர்னருக்குக் காற்றை அதிகம் திறக்க வேண்டியிருக்கும்.

கிளேஸைப் பற்றி ஒன்று மட்டும். கவாத்து வெட்டிய தேயிலைச் சுள்ளியும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) விறகும் நம்மிடம் ஏராளம். சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் கல்தூள் 40, களிமண் 20 என்ற பழைய கணக்கில் தொடங்கிப் பாருங்கள். ஸ்டோன்வேர் சூட்டில், எலக்ட்ரிக் சூளையில் பெரும்பாலும் வைக்கோல் நிறத்திலிருந்து தேன் நிறம்வரை வரும். சாம்பல் தண்ணீர் கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கிளேஸ் ஓடும் ரகம், ஆகவே மூக்கு நுனியிலும் மூடி உட்காரும் இடத்திலும் வேண்டாம், தோளில் அடித்து வயிற்றில் இறங்க விடுங்கள்.

அழகு என்று கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது இது. நம்மிடம் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. நீலகிரியின் பழங்கால ஈமக் கல்வட்டங்களில் ஆங்கிலேய அதிகாரி பிரீக்ஸ் 1870-களில் தோண்டி எடுத்த மண்ஜாடிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுக்கடுக்காக உயர்ந்த உடம்பு, மூடியின் மேல் எருமையோ மனிதரோ நிற்கும் சிறு உருவம். மூடிக் குமிழை எவ்வளவு துணிச்சலாகச் செய்யலாம் என்பதை அங்கே கற்கலாம். உங்கள் பக்கத்துக் கோத்தர் பழங்குடி ஊர்களில் பெண்கள்தான் பானை வனைகிறவர்கள். அந்தப் பானைகளின் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் கோட்டைப் பொறுமையாகப் பாருங்கள். கோயிலில் பார்க்கும் கெண்டிக்குக் கைப்பிடியே இல்லை, கழுத்தையே கைப்பிடியாக்கிக்கொண்டு, தோளிலிருந்து மூக்கை நேராக எழுப்பியிருக்கிறார்கள். ஒரு கோடு அதிகமில்லை.

உங்கள் வேலையைச் சோதிக்க, பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து வெறும் நிழலுருவமாகப் பாருங்கள். மூக்கு வயிற்றிலிருந்து முளைத்த மாதிரி இருக்கிறதா, ஒட்டவைத்த மாதிரி இருக்கிறதா? மூக்கின் அடிக்கோடு வயிற்றின் வளைவைத் தொடர வேண்டும். கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் நடுவே தெரியும் வெற்றிடமும் ஒரு வடிவம்தான், அதையும் வரைந்து பாருங்கள். இணையத்தில் பார்க்கும் படங்களை நகலெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தில் இருக்கும் டீபாட் யாருக்கும் ஊற்றிக் காட்டியதில்லை.

கடைசியாக, மலை மண். செம்மண்ணை அப்படியே வனைய முடியாது, பசை குறைவு. நனைத்துக் கரைத்து, 80 நம்பர் சல்லடையில் வடித்து, நீங்கள் வாங்கும் ஸ்டோன்வேர் மண்ணில் 10 சதவீதத்தில் தொடங்குங்கள். இரும்பு இருப்பதால் நிறம் ஆழமாகும். சுட்டபின் தண்ணீர் உறிஞ்சுகிறதா என்று பார்த்தாக வேண்டும். கிளேஸ் இல்லாத ஒரு துண்டை உலர எடைபோட்டு, சில மணிநேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் தண்ணீரிலேயே ஊறவிட்டு, துடைத்து மறுபடியும் எடைபோடுங்கள். 200 கிராம் துண்டு 206 ஆனால் 3 சதவீதம். அதற்கு மேல் போனால் டீபாட்டின் அடி மேஜையில் ஈரவட்டம் போடும், மண்ணைக் குறைத்து மறுபடியும் சுட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த மண்ணை வனையும் மண்ணில் கலக்காமல், குழம்பாக்கி ஜக்கின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூசுங்கள். மூக்கை விட்டுவிட்டு.